ட்ரெய்லரோடு மலையிறங்கும் பிக்கப்: பிரேக் மாற்றிய கையோடு

முன் பிரேக்கின் ரோட்டர் (தட்டு), பேட் (கட்டை) எல்லாம் மாற்றி பில் கட்டிய கையோடு எழுதுகிறேன். காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டென்வர் நண்பர் ஒருவர், 6,000 பவுண்டு ட்ரெய்லருக்கு டர்போ வி6 என்ஜின் வைத்த அரை டன் பிக்கப் (பிக்கப்களில் இலகு ரகம்) போதுமா என்று கேட்டிருந்தார். என்னுடையதும் அதே ரகம்தான்.

ஏறுவதற்குத் தாராளமாகப் போதும். டென்வரிலிருந்து மேற்கே மலையேறும் ஐ-70 சாலையில் ஐசனோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. உயரத்தில் காற்று மெலிவதால், டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். அங்கே போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். என் வண்டி அசராமல் ஏறுகிறது. ட்ரெய்லரின் பிரேக்கை இயக்க வண்டியோடு கூடவே வரும் ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலரும் அருமை. அளவைச் சரியாக வைத்துவிட்டால் ட்ரெய்லர் தன் எடையைத் தானே பிடித்து நிறுத்திக்கொள்ளும்.

சுரங்கம் தாண்டி சில்வர்த்தார்ன் ஊர்ப் பக்கம் இறங்கும்போதுதான் எரிச்சல். ஏறக்குறைய 2,000 அடி இறக்கம். டோ-ஹால் மோடில் (சுமை இழுக்கும்போது போடும் அமைப்பு) பிரேக்கைத் தொட்டால் வண்டி தானாகக் கியரைக் குறைக்கிறது, சரி. ஆனால் சரிவு சற்றுத் தணியும் இடத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டுவிட்டால், விடுதலை கிடைத்ததுபோல் மேல் கியருக்கு ஓடிவிடும். அடுத்த சரிவில் ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், மறுபடி பிரேக். பெரிய டீசல் பிக்கப் என்றால் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறுவதைத் தடுத்து என்ஜினாலேயே வேகம் குறைப்பது) பிடித்துக்கொள்ளும். இந்தச் சின்னப் பெட்ரோல் என்ஜினுக்கு அந்தப் பிடி இல்லை. சூடேறிச் சூடேறி ரோட்டர் போய், ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது.

இப்போதெல்லாம் மேனுவலுக்கு மாற்றி, கீழ்க் கியரில் பூட்டித்தான் இறங்குகிறேன். 4,000 ஆர்பிஎம்மில் என்ஜின் அலறும். "என்னங்க, வெடிச்சிருமா?" என்பார் மனைவி. வெடிக்காது. ஆனால் பத்து கியர் போட்டவர்களுக்கு, இறக்கத்தில் ஒன்றிலேயே நிற்க வைக்கத் தெரியாதா?

இன்னொன்று: ஓட்டுநர் கதவோர மஞ்சள் ஸ்டிக்கரில் பேலோடை (வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடை) பாருங்கள். ட்ரெய்லர் எடையில் 12, 13 சதவீதம் ஹிட்ச் (ட்ரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் உட்காரும். அதுவே 750 பவுண்டு. குடும்பமும் சாமான்களும் ஏறினால் இழுவைத்திறன் மிச்சமிருக்கும், பேலோட் இருக்காது.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். அடுத்த பெரிய ரகமான முக்கால் டன் டீசல் பாருங்கள். என்னுடையதை விற்பேனா என்று கேட்காதீர்கள், ஜூலையில் மலையூரான லெட்வில் போகிறோம்.