30 மி.மீ. லோயரிங் ஸ்பிரிங்: அழகுக்கு முழு மார்க், மீதிக்குப் பாதிதான்

காரைத் தரைக்கு 30 மி.மீ. நெருக்கமாக இறக்கும் இந்தக் கடினமான ஸ்பிரிங்கைப் போட்ட பிறகு கார் நிற்கும் அழகே தனி, அதில் மறு பேச்சு இல்லை. டயருக்கு மேலே நாலு விரல் நுழைந்த இடைவெளி இப்போது இரண்டு விரல்தான், பக்கவாட்டில் நின்று பார்த்தால் தரையோடு தரையாகப் பதுங்கி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. கார் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கூபே, முன்னால் மேக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருக்கும் சஸ்பென்ஷன்), பின்னால் மல்டிலிங்க் (சக்கரத்தைப் பல கைகள் பிடித்திருக்கும் வகை). மாற்றியது ஸ்பிரிங் மட்டும்தான், டேம்பர்கள், அதாவது ஷாக் அப்சார்பர்கள், காரோடு வந்தவை.

ஸ்பிரிங்கின் தரத்தில் குறை இல்லை. பெயின்ட் உரியவில்லை, கிறீச் சத்தம் வரவில்லை, ஓட ஓட இன்னும் சில மி.மீ. இறங்கியது, அது எந்தப் புது ஸ்பிரிங்கும் செய்வதுதான். வழவழப்பான சாலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முன்பக்கம் சட்டென்று பேச்சைக் கேட்கிறது, பிரேக் அடித்தால் மூக்கு முன்பு போலக் குத்துவதில்லை. ஆனால் இந்த சுகத்தில் பெரும்பங்கு ஸ்பிரிங் கடினமானதால் வந்தது, உயரம் குறைந்ததால் வந்தது கொஞ்சம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இப்படிப்பட்ட காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 480 மி.மீ. என்று வைத்தால், 30 மி.மீ. இறங்குவது 6 சதவீதம். வளைவில் உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்கு மாறும் பளு அந்த 6 சதவீதம்தான் குறையும், அதைவிட நல்ல டயர் போட்டால் கிடைக்கும் லாபம் அதிகம்.

இதில் இன்னொரு விவகாரம் இருக்கிறது, விற்பவர்கள் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. மேக்பர்சன் ஸ்ட்ரட் வண்டியை இறக்கும்போது சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க் கையின் (கன்ட்ரோல் ஆர்ம்) சக்கரப் பக்க முனை மேலே ஏறிக்கொள்கிறது, அதனால் ரோல் சென்டர் (வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுகிறது. அந்தத் தூரம்தான் வளைவில் உடலைச் சாய்க்கும் நெம்புகோல். ஆக, இறக்கிய கார் சாயத்தான் பார்க்கிறது, கடினமான ஸ்பிரிங் அதைப் பிடித்து மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேலே சரிந்துவிட்டால் சாயும்போது டயருக்குக் கிடைக்க வேண்டிய நெகட்டிவ் கேம்பரும் (டயரின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வது) கைவிட்டுப் போகிறது. சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடின் கோணமும் மாறுவதால் மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக லேசாக இழுக்கும். இதைச் சரிசெய்ய ஆர்மின் முனையில் மாட்டும் நீளமான பால் ஜாயின்ட் எல்லாம் தனியாகக் கிடைக்கிறது, அதாவது ஒரு செலவு இன்னொரு செலவைக் கூட்டி வருகிறது.

எனக்கு உண்மையில் எரிச்சல் தந்தது பம்ப் ஸ்டாப்தான், அதாவது சஸ்பென்ஷன் அமுங்கி முடியும் இடத்தில் தடுக்கும் மெத்தைக் கட்டை. ஸ்போர்ட்ஸ் காரில் சஸ்பென்ஷன் அமுங்க இடமே குறைவு, அதில் 30 மி.மீ.யை முதலிலேயே தின்றுவிட்டால் மிச்சம் எவ்வளவு இருக்கும்? தனியாக ஓட்டும்போது சமாளிக்கலாம், பக்கத்தில் ஒரு ஆள், பின்னால் பெட்டி என்று ஏறியதும் சாதாரணக் குழிக்கே 'டொக்'கென்று இடிக்கிறது. முதுகு வலிக்கிறது, சரி, அது போகட்டும். வேகமான வளைவின் நடுவே ஒரு மேட்டில் பின்பக்கம் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்தால் அந்த நொடியில் பின்பக்கம் திடீரென இறுகிப்போய் டயர் பிடியை விட்டுவிடலாம், அது விளையாட்டு இல்லை. காரோடு வந்த டேம்பர் காரோடு வந்த ஸ்பிரிங்குக்குத்தான் அளவெடுத்தது, கூடுதல் கடினத்தை அடக்க அதனால் முழுதாக முடிவதில்லை, அலை அலையான சாலையில் கார் குதித்துக்கொண்டே போகிறது.

அன்றாடத் தொல்லைகள் தனி. பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவில் முன் பம்பரின் அடி உதடு உரசும், வேகத்தடையைக் குறுக்காகத்தான் ஏற வேண்டும், சாதாரண டிராலி ஜாக்கி அடியில் நுழையாது. போர்ஷே 911-க்கு முன்பக்கத்தை சுமார் 40 மி.மீ. தூக்கும் வசதியை அந்த கம்பெனியே ஆப்ஷனாகத் தருகிறது, நாம் காசு கொடுத்து எதிர்த்திசையில் போகிறோம்!

போடத்தான் போகிறேன் என்பவர்களுக்கு: அலைன்மென்ட் செய்யாமல் ஓட்ட வேண்டாம். இறக்கியதும் கேம்பரோடு டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும், டோ கெட்டால் டயரின் உள்விளிம்பு வெளியே தெரியாமலே தேய்ந்து கம்பி தெரியும் வரை போகும். ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும் உயரத்தில் வைத்து இறுக்கச் சொல்லுங்கள், லிஃப்டில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். முன்னும் பின்னும் சமமாக இறங்காவிட்டால் ஹெட்லைட் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும், முன் கண்ணாடியில் கேமரா உள்ள கார் என்றால் அதன் அளவுத்திருத்தத்தையும். இருக்கிற ஸ்பிரிங்கையே வெட்டிக் குட்டையாக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள், சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தை விட்டே நழுவலாம்.

ஷோவுக்கும் ஞாயிற்றுக்கிழமை சவாரிக்கும் 5-க்கு 4 கொடுப்பேன், தினமும் ஓட்டும் காருக்கு 2. கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளைப் பத்திரமாக வைத்திருங்கள், காரை விற்கும்போது வாங்குபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.