திறந்துவிட்டு ஏற்றுவதா, ஏற்றிவிட்டுத் திறப்பதா?

டி.என்.ஏ. இரட்டிப்பாவதை விளக்குகிறவர்கள் பெரும்பாலும் கவையிலிருந்துதான், அதாவது இரண்டு இழைகளும் பிரிந்து நகலாகும் இடத்திலிருந்துதான், தொடங்குகிறார்கள். அந்தக் கவை எந்த இடத்தில், எப்போது, எதன் உத்தரவில் பிறக்கிறது என்பது ஒரே வரியில் முடிந்துவிடும்: பாக்டீரியாவுக்கு ஒரு தொடக்கக் களம், நமக்குப் பல. உண்மைதான். ஆனால் என்னை விடாமல் இழுப்பது வேலை நடக்கும் வரிசை. ஈ.கோலை இழைகளைப் பிரித்துவிட்டுப் பிரிக்கும் இயந்திரத்தை ஏற்றுகிறது. ஈஸ்ட்டும் மனிதச் செல்லும் மூடிய இழையிலேயே இயந்திரத்தை ஏற்றிவைத்துவிட்டு, நேரம் பார்த்துத் திறக்கின்றன.

ஈ.கோலையின் மரபணுத்தொகுதி சுமார் 46 லட்சம் கார இணைகள் (இரு இழைகளிலும் ஜோடி சேர்ந்து நிற்கும் ஏ, டி, ஜி, சி எழுத்துகள்) கொண்ட வட்டம். அதில் ஓரி-சி என்ற தொடக்கக் களம் ஏறத்தாழ 245 இணைகள் மட்டுமே. இவ்வளவு சிறிய இடத்துக்குள் எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் ஒன்பது எழுத்துச் சொற்கள். டிஎன்ஏ-ஏ என்ற புரதம் உட்காரும் இருக்கைகள் அவை. மறு பக்கம், 13 எழுத்துத் தொடர் மூன்று முறை வருகிறது. அதில் ஏ, டி எழுத்துகளே மிகுதி என்பதால் இழைகளின் பிடிப்பு அங்கே தளர்வு. ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறை ஏந்திய டிஎன்ஏ-ஏ புரதங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரண்டு முறுக்கும்போது அந்தத் தளர்ந்த பகுதி பிரிகிறது. பிரிந்த ஒற்றை இழைகளில் பிரிக்கும் இயந்திரமான டிஎன்ஏ-பி வளையங்களை டிஎன்ஏ-சி என்ற புரதம் மாட்டிவிடுகிறது. உடனே இரண்டு கவைகள் எதிரெதிர்த் திசையில் புறப்படுகின்றன, நொடிக்குச் சுமார் 1,000 எழுத்து வேகத்தில்.

அப்படியும் முழு வட்டத்தையும் நகலெடுக்க 40 நிமிடம் ஆகும். நல்ல ஊட்டக் கரைசலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிளவுறுகிறதே, அது எப்படி? முதல் சுற்று முடியுமுன்பே அடுத்த சுற்றைத் தொடங்கிவிடுகிறது. பிறக்கும் சேய்ச் செல்லுக்குள் நகலெடுப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். கூப்பரும் ஹெல்ம்ஸ்டெட்டரும் 1968இல் இதை விளக்கினார்கள். திறந்ததும் ஓடலாம் என்ற ஏற்பாடு இந்த வேகத்துக்கு மிகவும் பொருத்தம்.

ஆனால் அதே களம் அடுத்த நொடியே மறுபடி திறந்துவிடக் கூடாது. ஓரி-சிக்குள் ஜி-ஏ-டி-சி என்ற சொல் 11 இடங்களில் வருகிறது. பழைய இழையில் இந்தச் சொற்களுக்கு மீத்தைல் என்ற வேதிக் குறி உண்டு. புதிதாகப் பிறந்த இழையில் இன்னும் இல்லை. இந்த அரைக்குறி நிலையைக் கண்டறிந்து சீக்-ஏ என்ற புரதம் களத்தை மூடிப் பிடித்துக்கொள்கிறது. ஒரே ஒரு வாசலுக்கு இந்தக் காவல் போதும்.

ஈஸ்ட்டுக்குப் போதாது. 16 குரோமோசோம்கள், 1.2 கோடி இணைகள், சுமார் 400 களங்கள். ஒவ்வொன்றும் ஒரு செல் சுழற்சியில், அதாவது ஒரு பிளவுக்கும் அடுத்ததற்கும் இடையில், ஒரே முறைதான் தொடங்க வேண்டும். இந்தக் களங்களில் 11 எழுத்துச் சொல் ஒன்று உண்டு. அதே சாயலில் ஆயிரக்கணக்கான இடங்கள் இருந்தும் சில நூறுதான் பயன்படுகின்றன. அந்தச் சொல்லைப் பற்றும் ஆறு உறுப்புப் புரதக் கூட்டமான ஓ.ஆர்.சி.யை பெல்லும் ஸ்டில்மனும் 1992இல் கண்டறிந்தார்கள்.

நகலெடுப்புக்கு முந்தைய ஜி1 கட்டத்தில் ஓ.ஆர்.சி.யும் சி.டி.சி.6, சி.டி.டி.1 என்ற துணைப் புரதங்களும் சேர்ந்து பிரிக்கும் இயந்திரமான எம்.சி.எம். வளையங்கள் இரண்டை மூடிய இரட்டை இழையைச் சுற்றி மாட்டுகின்றன. இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டிய ஜோடி. இழையின்மீது நகரக்கூட முடியும். ஆனால் ஒரு எழுத்தையும் பிரிக்காது. நகலெடுப்பு நடக்கும் எஸ் கட்டத்தில் சி.டி.கே., டி.டி.கே. என்ற இரண்டு நொதிகள் பாஸ்பேட் முத்திரை குத்திய பிறகுதான் சி.டி.சி.45, ஜின்ஸ் ஆகிய கூட்டாளிகள் வந்து சேர்கின்றன. ஒரு இழை வளையத்தைவிட்டு வெளியேற, ஓட்டம் தொடங்குகிறது. ஜான் டிஃப்லியின் ஆய்வகம் 2015இல் தூய்மைப்படுத்திய புரதங்களை மட்டும் கொண்டு இந்தத் தொடக்கத்தைச் சோதனைக் குழாயிலேயே நடத்திக் காட்டியது.

என் மனத்தைப் பறிப்பது இதுதான்: ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் அதே சி.டி.கே.தான் புதிய வளையம் மாட்டுவதையும் தடுக்கிறது. பந்தியில் எல்லா இலைகளையும் போட்ட பிறகே பரிமாறத் தொடங்குகிறார்கள். பரிமாற ஆரம்பித்தால் அந்தப் பந்தியில் புது இலை விழாது. 400 இலைக்கும் தனித்தனிக் காவலாள் தேவையில்லை. பல களங்களை ஆள இதைவிடச் சிக்கனமான விதியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மனிதச் செல்லிலும் இதே விதிதான். கூடவே ஜெமினின் என்ற புரதம் சி.டி.டி.1-ஐக் கட்டிப்போடுகிறது. இடத்தைக் காட்டும் சொல் மட்டும் இங்கே இல்லை. ஒரு சுழற்சியில் 30,000 முதல் 50,000 களங்கள் வேலை செய்கின்றன. ஏன் இத்தனை என்பதற்குக் கணக்கே பதில்: முதல் குரோமோசோமில் ஏறத்தாழ 25 கோடி இணைகள், கவையின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 2,000. நடுவில் ஒரே களம் இருந்தால் 43 நாள் பிடிக்கும். நடப்பது சுமார் எட்டு மணி நேரத்தில்.

சொல் இல்லாததைக் குறையாகக் கருதுகிறவர்கள் பழ ஈயின் இளம் கருவைப் பார்க்க வேண்டும். அங்கே களங்கள் ஏறத்தாழ 8,000 இணைக்கு ஒன்று என நெருங்கி நிற்க, முழுத் தொகுதியும் நான்கே நிமிடத்தில் இரட்டிக்கிறது. அதே ஈயின் வளர்ந்த செல்களில் களங்கள் விலகி நிற்கின்றன. வேலைக்குப் பல மணி நேரம் ஆகிறது. ஓரி-சியால் இப்படி விரியவும் சுருங்கவும் முடியாது.

முன்கூட்டி ஏற்றிவைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மாட்டிய வளையங்களில் பெரும்பகுதி வழக்கமாகத் தொடங்குவதே இல்லை. பக்கத்துக் கவை வழியில் நின்றுபோனால் அவற்றில் ஒன்று விழித்து மிச்சத்தை முடிக்கிறது. எஸ் கட்டத்தில் புதிதாக மாட்ட வழியில்லாததால், இந்தக் கையிருப்பு ஜி1-லேயே தயாராக வேண்டும். ஏற்றும் திறன் குறைந்தால் விளைவு உடலிலேயே தெரியும்: ஓ.ஆர்.சி., சி.டி.டி.1, சி.டி.சி.6 மரபணுக்களில் பிறழ்வு கொண்ட மையர்-கோர்லின் நோய்க்குறிக் குழந்தைகள் குட்டையாக வளர்கிறார்கள். காதுகள் சிறியவை, முழங்கால் சில்லு சிறுத்தோ இல்லாமலோ இருக்கும்.