கிராண்ட்ஸ்ட்ரீம் யூசிஎம் 6302: இரண்டு லைன் உள்ள கந்தோருக்கு ஒத்துவருமா?

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு கப்பல் முகவர் கந்தோர், நகருக்குள் ஒரு தனியார் மருத்துவ நிலையம், உப்புவெளியில் பத்துப் பன்னிரண்டு அறை உள்ள விடுதி. மூன்றுக்கும் தேவை ஏறக்குறைய ஒன்றுதான்: இரண்டு வெளி லைன், எட்டுப் பத்து உள் போன், யார் எங்கே கதைக்கலாம் என்பதில் ஒரு கட்டுப்பாடு. இந்த அளவுக்கு கிராண்ட்ஸ்ட்ரீமின் யூசிஎம் 6302 பொருத்தமான பிபிஎக்ஸ், அதாவது வெளி லைனையும் உள் போன்களையும் இணைக்கிற பெட்டி. ஆனால் பூட்டிக் கொடுப்பவர் செட்டிங்கை அரைகுறையாக விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். வெளியே கோலே போகாது, அல்லது எல்லா மேசையிலிருந்தும் எல்லா நாட்டுக்கும் போகும். இரண்டாவதுதான் காசைக் கரைக்கும்.

முதலில் பெட்டி. 2 எஃப்எக்ஸ்ஓ போர்ட், 2 எஃப்எக்ஸ்எஸ் போர்ட். தொலைபேசிக் கொம்பனியின் லைன் எஃப்எக்ஸ்ஓவில், சாதாரண போனும் ஃபக்ஸும் எஃப்எக்ஸ்எஸ்ஸில். மாற்றிக் குத்தக் கூடாது. எஃப்எக்ஸ்எஸ் தானே மின்னழுத்தம் கொடுக்கிற போர்ட். வெளி லைனிலும் அழுத்தம் இருக்கிறது. இரண்டும் மோதினால் போர்ட் எரிந்துபோகலாம். 1000 பாவனையாளர், ஒரே நேரத்தில் 150 கோல் என்று விளம்பரத்தாளில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். லைன் இரண்டென்றால் அவற்றின் வழியே ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் வெளியே கதைக்கலாம். வீடியோ வேண்டாதவர்களுக்கு 6302ஏ போதும். போர்ட் எண்ணிக்கை அதே. ஒரே லைனும் மூன்று போனும் மட்டும் உள்ள கடைக்கு இது வீண் செலவு. கைபிடி மூன்று வருகிற கோட்லெஸ் செட் ஒன்றை வாங்கிக்கொண்டு போகலாம்.

லைனைக் குத்தமுன் மல்ட்டிமீற்றரை வைத்துப் பாருங்கள். செப்புக் கம்பி லைன் சும்மா இருக்கும்போது 48 வோல்ட் அளவு காட்ட வேண்டும். போனை எடுத்தால் பத்துக்குக் கீழே இறங்கும். சும்மா இருக்கும்போதே முப்பதுக்குள் நின்றால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. டச்சு குடாப் பக்கமும் கடற்கரையோர விடுதிகளிலும் இது சாதாரணம். உப்புக் காற்றில், சுவரில் லைன் வந்து சேர்கிற ரோசெட்டின் திருகாணி பச்சை பிடிக்கும், மழைக்கு லைன் கரகரக்கும், பழி பிபிஎக்ஸ் மேல் விழும். பழைய ரோசெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இணைப்புகளுக்கு ஜெல் நிரப்பிய கனெக்டர் போட்டால் பாதிக் கரகரப்பு போய்விடும். செப்பு லைன் உள்ளவர்கள் ஐப்பசி இடி தொடங்கமுன் லைனுக்கும் பெட்டிக்கும் நடுவே சேர்ஜ் புரொட்டெக்டர் ஒன்றும் வைக்க வேண்டும். அதன் எர்த் வயர் உண்மையிலேயே மண்ணுக்குப் போக வேண்டும். சுவரில் ஆணியில் சுற்றி விட்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம்.

ஃபைபர் எடுத்தவர்களுக்கு இடி அந்த வழியால் வராது. அவர்களுக்கு வேறு சிக்கல். தொலைபேசி லைன் வருவது, ஃபைபர் வந்து முடிகிற ஓஎன்டி பெட்டியின் போன் போர்ட்டிலிருந்து. கரண்ட் போனால் அதுவும் செத்துவிடும். யூசிஎம் 6302இல் ஒரு நல்ல வசதி உண்டு. பெட்டிக்குக் கரண்ட் இல்லாதபோது எஃப்எக்ஸ்ஓ லைன் நேரே எஃப்எக்ஸ்எஸ்ஸுக்கு இணைந்துவிடும், அதில் குத்திய சாதாரண போன் வேலை செய்யும். செப்பு லைனில் இது உயிர் காக்கும். ஃபைபரில் ஓஎன்டிக்கும் மின் காப்பு இல்லாவிட்டால் பயனில்லை. 2022 மின்வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கு வாங்கிய 12 வோல்ட் மினி யூபிஎஸ் பல கந்தோர்களில் இன்னும் கிடக்கிறது. ஓஎன்டி, ரவுட்டர், யூசிஎம் மூன்றின் அடப்டரிலும் எழுதியிருக்கும் அம்பியரைக் கூட்டிப் பாருங்கள். மினி யூபிஎஸ்ஸின் வெளியீடு அதைவிடக் கூடவா என்று பார்த்துப் பூட்டுங்கள். நெட்வேர்க் வயராலேயே கரண்ட் கொடுக்கிற பிஓஇ சுவிட்சில் ஓடுகிற மேசைப் போன்களுக்கு இது காணாது, பெரிய யூபிஎஸ் வேண்டும். எந்த எஃப்எக்ஸ்எஸ் எந்த லைனோடு இணைகிறது என்பதை அடப்டரைக் கழற்றிச் சோதித்து, போர்ட்டின் மேல் எழுதி ஒட்டி விடுங்கள்.

இனி உள்ளே போவது. முன்பக்கத் திரையில் ஐபி முகவரி தெரியும். பிரவுசரில் அந்த முகவரியோடு 8089 போர்ட்டைச் சேர்த்துத் திறந்தால் பாதுகாப்பு எச்சரிக்கை வரும், தாண்டிப் போகலாம். முதல் கடவுச்சொல் பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கிறது. நெட்வேர்க் முறையை சுவிட்ச் என்று வையுங்கள். ரூட் முறையில் விட்டு லான் போர்ட்டைக் கந்தோர் சுவிட்சில் குத்தினால் இந்தப் பெட்டியும் ஐபி கொடுக்கத் தொடங்கி, ரவுட்டரோடு மோதி, கந்தோர் முழுக்க இன்டர்நெட் விழும். பெட்டிக்கு மாறாத ஐபி ஒன்று கொடுத்து, நேர வலயத்தை ஐந்தரை மணிக்கு வையுங்கள். இதை மறந்தால் காலை பத்து மணிக்கு ‘கந்தோர் மூடியிருக்கிறது’ என்று குரல் சொல்லும். இன்னொன்று: சேமித்தால் போதாது, மேலே வருகிற ‘மாற்றங்களைச் செயல்படுத்து’ பொத்தானையும் அழுத்த வேண்டும்.

எக்ஸ்டென்ஷன், அதாவது உள் போனின் இலக்கம் 1000 என்று தொடங்குகிறது. அதை அப்படியே விடாதீர்கள். இலங்கையில் 1990 அம்புலன்ஸ், 1919 அரசாங்கத் தகவல். எங்கள் அவசர, சேவை இலக்கங்களில் பல 1இல்தான் தொடங்குகின்றன. வரிசையை 1இல் வைத்துவிட்டுப் பின்னால் முட்டுப்படுவதைவிட, 201, 202 என்று மூன்று இலக்கத்தில் போவது நல்லது. விருப்பத்தெரிவுகளில் எக்ஸ்டென்ஷன் எல்லையை நீக்கினால் பெட்டி இந்த இலக்கங்களை ஏற்கும்.

வெளி கோல்தான் இந்தப் பெட்டியின் பிரதான வேலை, பிழைகளும் இங்கேதான். வெளியே போக இரண்டு கதவும் திறக்க வேண்டும்: அவுட்பவுண்ட் ரூட்டில் (எந்த இலக்கம் எந்த லைனால் வெளியே போகும் என்ற விதியில்) உள்ள அனுமதி நிலை, எக்ஸ்டென்ஷனில் உள்ள அனுமதி நிலை. உள், உள்ளூர், தேசிய, சர்வதேச என்று நான்கு படி. புதிய எக்ஸ்டென்ஷன் ‘உள்’ என்ற படியில்தான் பிறக்கும். ரூட்டெல்லாம் வடிவாகப் போட்டும் வெளியே போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். விடுதி அறைப் போன்களை ‘உள்’ளிலேயே விடுங்கள், வரவேற்புக்குத் தேசிய, முதலாளிக்கு மட்டும் சர்வதேச.

ரூட்டை ஒன்றாகப் போடாமல் பிரித்துப் போட வேண்டும். ரூட்டில் டயல் இலக்கத்தின் அச்சை (பேட்டர்ன்) எழுதும்போது எக்ஸ் என்றால் எந்த இலக்கமும், இசட் என்றால் 1 முதல் 9 வரை, என் என்றால் 2 முதல் 9 வரை, புள்ளி என்றால் அதன் பின் எத்தனை இலக்கமும். 9 அழுத்தி வெளியே போகிற முறை என்றால்: உள்ளூர் ஏழு இலக்கத்துக்கு அடிக்கோடு, 9, என், ஆறு எக்ஸ். மற்ற மாவட்டங்களுக்கும் கைபேசிக்கும் அடிக்கோடு, 9, 0, இசட், எட்டு எக்ஸ். வெளிநாட்டுக்கு அடிக்கோடு, 9, 0, 0, எக்ஸ், புள்ளி. மூன்றிலும் முன்னால் ஒரு இலக்கத்தை வெட்டச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் 9உம் சேர்ந்து லைனுக்குப் போகும். இரண்டாவதில் இசட் போடுவது சும்மா இல்லை; 00 என்று தொடங்குவது அதற்குள் நுழையாது. சில பொருத்துநர்கள் நேரத்தை மிச்சம் பிடிக்க ‘9, புள்ளி’ என்று ஒரே ரூட்டில் முடித்து, தேசிய அனுமதி கொடுத்துவிட்டுப் போவார்கள். அது 00ஐயும் விழுங்கும். தேசிய அனுமதி உள்ள எந்த மேசையும் அதன் வழியே கனடாவோடு கதைக்கலாம். வேலை முடிந்தது என்று காசு கொடுக்கமுன் இந்த ஒரு திரையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

119, 110, 1990 மூன்றுக்கும் 9 இல்லாமலே போகிற தனி ரூட், ஆகக் குறைந்த அனுமதியில். அறையில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் 9 அழுத்த வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது?

இரண்டாவது லைனுக்கு இன்னொரு லாண்ட்லைன் எடுக்காமல், போன் போர்ட் உள்ள 4ஜி ரவுட்டரையோ சிம் போடும் டெர்மினலையோ எஃப்எக்ஸ்ஓவில் குத்துகிறவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் மூன்று விஷயம். ஒன்று, இரண்டு போர்ட்டையும் ஒரே ட்ரங்கில் (பெட்டிக்குள் வெளி லைனுக்கான பதிவில்) சேர்க்காமல் தனித்தனி ட்ரங்காக வையுங்கள். அப்போதுதான் 07இல் தொடங்குகிற கோலைச் சிம்முக்கும் மற்றதை லாண்ட்லைனுக்கும் தள்ளலாம். இரண்டு, உள்ளூர் ஏழு இலக்கம் சிம்மில் போகாது. லாண்ட்லைன் பிசி என்றால் சிம்முக்குத் தாவுகிற ஃபெயில்ஓவர் வரியில் ஒரு இலக்கம் வெட்டி, திருகோணமலைக்கான 026ஐ முன்னால் சேர்க்க வேண்டும். மூன்று, டயல் டோன் தாமதமாக வருவதால் முதல் 0 தொலைந்து பிழையான இடத்துக்குக் கோல் போகும். ட்ரங்கின் மேம்பட்ட செட்டிங்கில் எஃப்எக்ஸ்ஓ டயல் தாமதத்தை 1000 மில்லிசெக்கன் வரை கூட்டிப் பாருங்கள். லைனில் அழுத்தம் இருந்து சேவை மட்டும் செத்திருந்தால் ஃபெயில்ஓவர் பெரும்பாலும் உதவாது. பெட்டி லைன் நல்லது என்று நினைத்து வெறும் மௌனத்துக்குள் டயல் செய்யும்.

அடுத்தது எல்லாரும் முறையிடுகிற பிழை: ‘ஒருவரும் கதைக்கவில்லை, ஆனால் லைன் பிசி’. மறுபக்கத்தார் வைத்துவிட்டார் என்பதைப் பெட்டி உணரவில்லை. அனலொக் லைனில் வைத்ததற்கான அடையாளம் சில இடத்தில் துருவ மாற்றமாக (லைனின் பிளஸ், மைனஸ் இடம் மாறுவதாக), சில இடத்தில் வெறும் பிசி டோனாக வரும். லைன் துருவ மாற்றம் கொடுக்காமல் நீங்கள் அதைத் திறந்து வைத்தால் கோல் நடுவில் அறுவது, தொங்குவது எல்லாம் வரும். பாதுகாப்பான வழி பிசி டோன் கண்டறிதலைத் திறந்து, லைனின் டோனை அளக்கிற பிஎஸ்டிஎன் டிடெக்ஷனை ஓட்டுவது. இரண்டு லைனும் சும்மா இருக்கும் நேரத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தானே கோல் எடுத்து, டோனின் அதிர்வெண்ணையும் இடைவெளியையும் அளந்து எழுதிக்கொள்ளும். ஓஎன்டியை மாற்றினாலோ செப்பிலிருந்து ஃபைபருக்குப் போனாலோ டோன் மாறும். திரும்ப ஓட்ட வேண்டும்.

எதிரொலி வந்தால் ஒலி அளவைக் கூட்டாதீர்கள், கூடும். போர்ட் செட்டிங்கில் ஏசிஐஎம் கண்டறிதலை ஒவ்வொரு எஃப்எக்ஸ்ஓவுக்கும் ஓட்டி மின்மறுப்பைப் (இம்பீடன்ஸ்) பொருத்தி, பிறகும் இருந்தால் அனுப்பும் அளவை ஒன்றிரண்டு டெசிபெல் குறையுங்கள். அழைப்பவர் இலக்கம் தெரியாவிட்டால் முதலில் லைனில் அந்தச் சேவை இருக்கிறதா என்று கொம்பனியிடம் கேளுங்கள், பிறகு ட்ரங்கில் அந்த இலக்கம் வருகிற முறையை எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப் என்று மாற்றிப் பாருங்கள்.

கோல் பதிவேடு அழகாக இருக்கும், ஆனால் அதை வைத்து விடுதி விருந்தினருக்கு பில் போட வேண்டாம். துருவ மாற்றம் இல்லாத அனலொக் லைனில் டயல் செய்த கணமே ‘பதில் கிடைத்தது’ என்று பெட்டி எழுதும். எடுக்காத கோலுக்கும் நிமிடம் ஏறும்.

உள்ளே வருகிற கோலுக்கு மும்மொழிக் குரல் வைக்கலாம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே குரல் வழிகாட்டியில் நீட்டாமல் ‘தமிழுக்கு 1’ என்று தொடங்கிப் பிரிப்பது நல்லது. கைபேசியில் பதிந்த ஒலியை 8 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், மொனோ வேவ் ஆக மாற்றி ஏற்றுங்கள். முதல் லைன் பிசியாக இருக்கும்போது இரண்டாவதற்குத் தாவுவதை மட்டும் இந்தப் பெட்டி செய்யாது. அது ஹன்டிங், தொலைபேசிக் கொம்பனியிடம் கேட்டு எடுக்க வேண்டிய சேவை.

வெளியிலிருந்து பெட்டியைத் திறக்க வசதியாக இருக்கும் என்று ரவுட்டரில் 8089ஐயும், போன்கள் பெட்டியோடு பேசுகிற 5060 போர்ட்டையும் திறந்துவிடுகிறார்கள். திறக்காதீர்கள். இன்டர்நெட்டில் 5060ஐத் தட்டிப் பார்க்கிற ரோபோக்கள் இரவு பகல் ஓயாது. எக்ஸ்டென்ஷன் கடவுச்சொல் 201 என்றே இருந்தால் விடிவதற்குள் யாரோ எங்கோ உங்கள் லைனில் கதைத்து முடித்திருப்பார். வெளிநாட்டுக் கோல் தேவையே இல்லாத கந்தோர் என்றால் சர்வதேச ரூட்டைப் போடவே வேண்டாம், கொம்பனியிடமும் ஐடிடியை (நேரடி வெளிநாட்டு டயலை) நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

நல்ல நிலையில் பழைய பனசொனிக் கேஎக்ஸ் டிஇஎஸ் 824 இருந்தால் இதற்கு மாற அவசரம் இல்லை. 3 லைன், 8 எக்ஸ்டென்ஷன், அட்டை போட்டால் 8 லைன், 24 வரை போகும், பழைய இரட்டை வயரிலேயே ஓடும். கட்டடத்தில் அந்த வயர் இருந்து, யூசிஎம்தான் வேண்டும் என்றால், எட்டு அனலொக் போன் தாங்குகிற கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி 818 அடப்டரைச் சேர்த்து வாங்குங்கள். அறைக்கு அறை புதுக் கேபிள் இழுக்கத் தேவையில்லை. புது மேசைப் போன் வாங்குவோர் பிஓஇ சுவிட்ச் வைத்திருந்தால் ஜிஆர்பி 2601பி, இல்லாவிட்டால் பி இல்லாத 2601. பில்லில் பெட்டியின் சீரியல் இலக்கம் எழுதியிருக்கிறதா, நிர்வாகக் கடவுச்சொல்லையும் செட்டிங் பேக்கப் கோப்பையும் உங்கள் கையில் தருகிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். கடவுச்சொல் பொருத்துநரிடம் மட்டும் இருந்தால், ஒரு எக்ஸ்டென்ஷனின் பெயரை மாற்றுவதற்கும் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டிவரும்.