கோடை அறிவியல் பயிற்சி: என் தடத்தில் மட்டும் பட்டை இல்லை

பதினோராம் வகுப்பு முடிந்த விடுமுறையில், ஒரு கல்லூரியின் உயிரியல் துறை பள்ளி மாணவர்களுக்காக நடத்திய இரண்டு வார அறிவியல் பயிற்சிக்குப் போயிருந்தேன். அடுத்த முறை சேரலாமா என்று தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சேரலாம் என்பதே என் பதில். ஆனால் முதல் நான்கு நாள்களுக்குப் பொறுமை வேண்டும்.

அந்த நான்கு நாள்களும் காலையில் விரிவுரை. செல், குரோமோசோம், மரபணு என்று பாடப்புத்தகத்தில் இருப்பதையே திரையில் காட்டினார்கள். கேள்வி கேட்டால் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிறகு நேரம் கிடைக்கவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கும் அறையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம். அதில் இப்போது எதை ஆராய்கிறார்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தால்கூடப் போதும். அவ்வளவு ஆசையோடு போனவளுக்கு அது வருத்தமாகவே இருந்தது.

பிற்பகல்கள் வேறு மாதிரி. மிகச் சிறிய அளவுத் திரவத்தை எடுக்கும் மைக்ரோபிப்பெட்டைக் கையில் கொடுத்தார்கள். அதன் பொத்தானுக்கு இரண்டு நிறுத்தங்கள் உண்டு. திரவத்தை எடுக்கும்போது முதல் நிறுத்தம் வரைதான் அழுத்த வேண்டும். வெளியேற்றும்போது இரண்டாவது வரை. எடுக்கும்போதே இரண்டாவதைத் தொட்டுவிட்டால் அளவு கூடிவிடும். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் தராசில் 0.1 கிராம் காட்ட வேண்டும். எனக்கு முதலில் 0.13 வந்தது. சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப எடுத்தேன். நான்கு பேருக்கு ஒரு பிப்பெட் என்பதால் காத்திருந்த நேரமே அதிகம். இரண்டு பேருக்கு ஒன்று கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் வந்த சோதனைக்காகவே இந்தப் பயிற்சியைப் பாராட்டுகிறேன். மனிதர்களின் 16ஆம் குரோமோசோமில் ஓரிடத்தில் சிலருக்கு 'ஆலு' எனப்படும் ஏறக்குறைய 300 எழுத்து (டி.என்.ஏ.வின் A, T, G, C காரங்கள்) நீளமுள்ள துண்டு செருகப்பட்டிருக்கும், சிலருக்கு இருக்காது. அந்த இடத்தை, டி.என்.ஏ.வைத் திரும்பத் திரும்ப நகலெடுக்கும் பி.சி.ஆர். முறையில் பெருக்கினால், துண்டு இருக்கும் குரோமோசோமிலிருந்து 941 எழுத்து நீளமான டி.என்.ஏ. கிடைக்கும், இல்லாததிலிருந்து 641. அந்த இடம் எந்தப் புரதத்தையும் உருவாக்காத பகுதி, இதைக் கொண்டு எவருடைய உடல்நலத்தையும் அறிய முடியாது என்பதை முதலிலேயே விளக்கி, பெற்றோரிடம் ஒப்புதல் கையெழுத்தும் வாங்கினார்கள். அந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது.

உப்புநீரால் வாய் கொப்பளித்து, அதில் உதிர்ந்த கன்னத்துச் செல்களைச் சேகரித்தோம். நுண்ணிய பிசின் மணிகள் கலந்த திரவத்தில் அவற்றை இட்டுச் சூடாக்கினோம். பிறகு பி.சி.ஆர். இயந்திரம்: 94, 60, 72 டிகிரி என்று 40 சுற்றுகள். மறுநாள் அதைக் கூழ்போன்ற ஜெல்லில் இட்டு, மின்சாரம் செலுத்தி ஓடவிட்டோம். ஒவ்வொரு மாதிரியும் ஓடும் பாதைதான் தடம், ஒரே நீளமுள்ள துண்டுகள் அதில் ஒரு பட்டையாகச் சேரும். டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம் இருப்பதால் அது நேர்மின்வாயை நோக்கி நகரும். சிறிய துண்டு வேகமாகவும் பெரியது மெதுவாகவும் போகும். சாயம் ஏற்றி விளக்கின் மேல் வைத்தபோது எல்லோருடைய தடத்திலும் பட்டைகள் தெரிந்தன. என்னுடையது மட்டும் வெறுமையாக இருந்தது.

அழுகை வந்துவிட்டது. எங்களுக்கு உதவிய ஆராய்ச்சி மாணவி அக்கா ஆறுதல் சொல்லவில்லை. "அளவுகோல் டி.என்.ஏ. தெரிகிறதா?" என்று கேட்டார். நீளம் தெரிந்த துண்டுகளை ஒப்பிடுவதற்காக ஒரு தடத்தில் ஓடவிட்டிருந்தோம், அதைத்தான் கேட்டார். தெரிந்தது. அப்படியானால் ஜெல்லிலும் சாயத்திலும் குறை இல்லை. "நாங்கள் கொடுத்த டி.என்.ஏ. பெருகியிருக்கிறதா?" பெருகியிருந்தது. அப்படியானால் இயந்திரமும் கலவையும் சரி. மிஞ்சியது நான் தயாரித்த டி.என்.ஏ. மாதிரிதான். பிறகு என் குழாயை வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னார். அடியில் மணிகள் கலங்கிக் கிடந்தன.

அந்த மணிகளின் வேலை உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்வது. செல் உடையும்போது வெளிவரும் நொதிகள் டி.என்.ஏ.வைச் சிதைக்க மக்னீசியம் வேண்டும். அதை மணிகள் பறித்துக்கொள்வதால் டி.என்.ஏ. தப்பிக்கிறது. ஆனால் பி.சி.ஆரில் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் டாக் பாலிமரேஸ் நொதிக்கும் மக்னீசியம் வேண்டும். மேலே தெளிந்திருந்த நீரை மட்டும் எடுப்பதற்குப் பதிலாக, அவசரத்தில் முனையை அடிவரை விட்டு மணிகளையும் சேர்த்து எடுத்திருக்கிறேன். டி.என்.ஏ.வைக் காத்த அதே பொருள் என் சோதனையைக் கெடுத்துவிட்டது. மக்னீசியம் பல நொதிகளுக்குத் துணைக்காரணி என்று ஒரு மதிப்பெண் விடையாக எழுதியிருக்கிறேன். அதன் பொருள் அன்றுதான் புரிந்தது.

இன்னொரு குழுவில், டி.என்.ஏ.வுக்குப் பதில் வெறும் தண்ணீர் வைத்ததால் பட்டையே வரக்கூடாத தடத்தில் பட்டை வந்திருந்தது. யாரோ பிப்பெட் முனையை மாற்றாமல் விட்டிருக்க வேண்டும். அந்தப் படத்தைத் தூக்கிப் போடப் போனார்கள். அக்கா தடுத்து, அதைக் குறிப்பேட்டில் ஒட்டித் தேதி எழுத வைத்தார்.

மறுநாள் எனக்கு மீண்டும் செய்ய அனுமதி கிடைத்தது. குழாயை மறுபடி சுழற்றி, மணிகள் படிந்தபின் மேலிருந்து 20 மைக்ரோலிட்டர் மட்டும் எடுத்தேன். இந்த முறை என் தடத்தில் இரண்டு பட்டைகள் தெரிந்தன: 941, 641. ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது, மற்றது அப்பாவிடமிருந்து. எது யாருடையது என்பதை என் ஜெல் சொல்லாது. வீட்டில் அந்தப் படத்தைக் காட்டியபோது இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குறைகள் இன்னும் உண்டு. கடைசி நாளில் பாதி சான்றிதழ் விழாவில் போனது. அச்சிட்ட தாளில் கோடிட்ட இடத்தை நிரப்பும் முறை எதையும் யோசிக்க விடவில்லை. நான் கொண்டுபோயிருந்த கெட்டி அட்டைக் குறிப்பேடுதான் உதவியது. நீங்களும் ஒன்று கொண்டுபோங்கள். பென்சில் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள். தவறை ஒரே கோட்டால் அடியுங்கள், அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும்.

சான்றிதழுக்காக மட்டும் வருகிறவர்களுக்கு இரண்டு வாரம் நீளமாகத் தோன்றும். ஆய்வுக்கூடத்தில் நிற்க ஆசைப்படுகிறவர்கள் தயங்க வேண்டாம். எந்தக் கல்லூரியின் பயிற்சியாக இருந்தாலும் பெயர் கொடுக்கும் முன் ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: சோதனை தவறிப்போனால் மறுபடி செய்ய அட்டவணையில் நாள் வைத்திருக்கிறார்களா?