எலிப் பசை அட்டை: வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

மலேசியாவில், பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுப் பின்சந்தில் எலித் தொல்லை. நான் தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்கிறவள். மாவு மூட்டையில் எலி வாய் வைத்தால் மூட்டையோடு குப்பைக்குத்தான் போகும். அதனால் 6 வெள்ளி கொடுத்து இரண்டு பசை அட்டை வாங்கினேன்.

புத்தகம் போல விரியும் அட்டை, உள்ளே தேன் நிறத்தில் பசை. நன்றாகத்தான் ஒட்டுகிறது. ஆனால் எது வந்தாலும் ஒட்டுகிறது. முதல் இரவில் மூன்று கரப்பானும் ஒரு பல்லியும் மாட்டின, எலி வரவில்லை. காலையில் அதை உடனே எடுத்துப் போடாமல் விட்டது என் தவறு. துடிக்கிற பூச்சியைப் பார்த்து ஒரு முராய் இறங்கிவிட்டது. கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் பாடுமே, குண்டுக்கரிச்சான் என்பார்கள், அதேதான்.

நான் பார்த்தபோது ஒரு இறக்கையும் மார்பும் வாலும் பசையில் இருந்தன. அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கியது, சத்தமே இல்லை. இழுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். "இழுக்காதீங்கக்கா, தோலோட வந்துரும்!" என்று பக்கத்து வீட்டுத் தம்பி ஓடிவந்து தடுத்தான்.

தெரிந்த பிராணி மருத்துவர் ஒருவருக்குப் போன் போட்டோம். வெளியே தெரிகிற பசை முழுவதும் டிஷ்யூவை ஒட்டிவிடுங்கள், மேற்கொண்டு ஒட்டாது. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அட்டையோடு பெட்டியில் வைத்து, காற்றுக்கு ஓட்டை போட்டு, இருட்டாக மூடிக் கொண்டுவாருங்கள் என்றார்.

அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பஞ்சுக் குச்சியில் சமையல் எண்ணெயைத் தொட்டு, ஒவ்வோர் இறகாக நீவி எடுத்தார். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான நீரில் கலந்து, அந்த எண்ணெயையும் போக்கினார். எண்ணெய் தங்கினால் இறகு மழையைத் தாங்காதாம், உடம்பு நனைந்து குளிரில் விறைத்துவிடுமாம். வாலில் நான்கு இறகு வேரோடு வந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. "வேரோடு வந்தது சில வாரத்தில் முளைச்சிடும்மா. நடுவில் ஒடிஞ்சாத்தான் அடுத்த தடவை இறகு உதிர்ற வரைக்கும் அப்படியே நிற்கும்" என்றார். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கும் அவரே தகவல் சொன்னார். 19 நாள் கழித்து எங்கள் பின்சந்திலேயே பறக்கவிட்டோம்.

இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 முதல் பொதுமக்கள் எலிக்கு இந்த அட்டையை வைப்பதே குற்றம். வேல்ஸில் 2023லேயே தடை. இங்கே சோப்புக்குப் பக்கத்தில் அடுக்கி விற்கிறார்கள். எந்தக் கம்பெனி அட்டையாக இருந்தாலும் நான் கொடுப்பது 5க்கு 0.

இப்போது 18 வெள்ளிக்குக் கம்பி எலிக்கூண்டு வாங்கியிருக்கிறேன். கொக்கி கொஞ்சம் இறுக்கம், காலை மாலை பார்த்தாக வேண்டும். நெத்திலிக் கருவாடு மாட்டினால் எலி வருகிறது, இதுவரை மூன்று பிடித்தாகிவிட்டது. போன வாரம் கருவாட்டுக்கு ஆசைப்பட்டு ஒரு மைனா உள்ளே போய்விட்டது. கதவைத் தூக்கினேன், ஒரு கத்து கத்திவிட்டுப் பறந்துபோனது.