ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 (360 மி.மீ.): பம்பையும் விசிறிகளையும் இணைக்கும் விதத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

வீட்டிலேயே கணினி சேர்ப்பவர்கள் திரவக் குளிர்விப்பான் வாங்கும்போது ரேடியேட்டரின் (திரவத்தின் வெப்பத்தை வெளியேற்றும் பகுதியின்) அளவையும் விலையையும் அலசிப் பார்க்கிறார்கள். பம்பும் விசிறிகளும் மதர்போர்டில் எங்கே சேரும், எப்படிச் சேரும் என்ற கேள்வி பெரும்பாலும் பெட்டியைத் திறந்த பிறகே எழுகிறது. குளிர்விப்பான் இரைச்சலில்லாமல் உழைக்குமா, பழுது வந்தால் நமக்கு நேரத்தோடு தெரியுமா என்பவை அந்த இணைப்பைப் பொறுத்தவை. அதனால், ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்க்டிக் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட லிக்விட் ஃப்ரீசர் 3-இன் 360 மி.மீ. மாதிரியை இந்தக் கோணத்திலிருந்தே இங்கே மதிப்பிடுகிறேன்.

மூன்று பி12 விசிறிகளும் தொழிற்சாலையிலேயே ரேடியேட்டரில் பொருத்தப்பட்டு, ஒன்றோடொன்று சங்கிலியாக இணைக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் கம்பிகள் தண்ணீர்க் குழாயின் மேலுறைக்குள்ளேயே ஓடி, பிராசஸரின் மேல் அமரும், பம்ப் உள்ள தலைப்பகுதியை வந்தடைகின்றன. அந்தத் தலைப்பகுதியின் மேல், பிராசஸருக்கு மின்சாரம் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதிக்குக் காற்று வீசும் சிறிய விசிறி ஒன்றும் இருக்கிறது. ஆக, ஐந்து மோட்டார்களுக்கான கம்பிகளும் ஒரே இடத்தில் கூடுவதால் கேபினட்டுக்குள் கம்பிக் குவியல் இல்லை. சாட்டா மின் இணைப்பு, யுஎஸ்பி கேபிள், பின்னணியில் எப்போதும் இயங்க வேண்டிய மென்பொருள் ஆகிய எதுவும் இதற்குத் தேவையில்லை. வேகக் கட்டுப்பாடு முழுவதும் மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் கையில் இருப்பதால் லினக்ஸ் பயன்படுத்துவோருக்கும் எந்தக் குறையும் இல்லை.

பெட்டியில் இரண்டு கேபிள்கள் இருக்கின்றன. முதலாவது, எல்லாவற்றையும் ஒரே நான்கு பின் (ஊசி) இணைப்பாகச் சுருக்கி, மதர்போர்டில் விசிறிகளைச் செருகும் முனையான ஹெடர் ஒன்றில் மட்டும் செருக வைப்பது. இரண்டாவது, பம்ப், ரேடியேட்டர் விசிறிகள், விஆர்எம் விசிறி என மூன்றாகப் பிரிவது. முந்தைய லிக்விட் ஃப்ரீசர் 2-இல் முதல் வகை மட்டுமே இருந்தது. இந்த இரண்டாவது கேபிளைச் சேர்த்ததே புதிய மாதிரியின் மிகப் பெரிய முன்னேற்றம் என்று நான் கருதுகிறேன். வாங்குபவர்கள் தயங்காமல் அதையே பயன்படுத்த வேண்டும்.

காரணம் எளிமையானது. நான்கு பின் ஹெடரில் ஒரு பின் தரை, ஒரு பின் 12 வோல்ட், ஒரு பின் சுழல்வேகத்தைத் திருப்பிச் சொல்வது, நான்காவது பின் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்னும் பிடபிள்யூஎம் கட்டளையைக் கொண்டுசெல்வது. ஒற்றைக் கேபிளில் இந்தக் கட்டளை எல்லா மோட்டார்களுக்கும் பொதுவாகிவிடுகிறது. இரவில் விசிறிகளின் சத்தத்தைக் குறைக்க நினைத்தால் பம்பும் சேர்ந்து மெதுவாகும். பம்பை வேகமாக ஓட்ட நினைத்தால் விசிறிகளும் இரையும். அதோடு, ஒரு ஹெடர் ஒரே ஒரு சுழல்வேகத்தைத்தான் படிக்க முடியும் என்பதால், ஐந்து மோட்டார்களில் நான்கின் நிலை நமக்குத் தெரியாமலே போகிறது. மூன்றாகப் பிரித்தால் பம்பின் வேகத்தைத் தனி எண்ணாகக் காணலாம். பம்ப் நின்றுபோய் விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும் நிலைதான் திரவக் குளிர்விப்பில் ஆபத்தானது என்பதால், இந்த வசதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

எந்த இணைப்பை எங்கே செருகுவது? ரேடியேட்டர் விசிறிகளை ‘சிபியு ஃபேன்’ என்று குறிக்கப்பட்ட ஹெடரிலும், பம்பை ‘ஏஐஓ பம்ப்’ அல்லது ‘பம்ப் ஃபேன்’ ஹெடரிலும், விஆர்எம் விசிறியைக் கேபினட் விசிறிக்கான ஹெடர் ஒன்றிலும் செருகுவதே என் பரிந்துரை. சிபியு ஃபேன் ஹெடரில் சுழல்வேகச் சமிக்ஞை வராவிட்டால் பல மதர்போர்டுகள் தொடக்கத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும் என்பதால் அதை வெறுமையாக விடக் கூடாது. பம்புக்கான ஹெடர் பொதுவாக இயல்பிலேயே முழு வேகத்தில் இயங்கும். பயாஸைப் புதுப்பிக்கும்போது நாம் செய்த அமைப்புகள் அழிந்துபோவது வழக்கம். அப்படி அழிந்தாலும் இந்த ஏற்பாட்டில் பம்ப் வேகமாகவே ஓடிக்கொண்டிருக்கும். பம்புக்கெனத் தனி ஹெடர் இல்லாத மலிவான மதர்போர்டாக இருந்தால், பம்பை சிபியு ஃபேனில் செருகி, விசிறிகளைக் கேபினட் ஹெடருக்கு மாற்றி, அந்த ஹெடர் பிராசஸரின் வெப்பநிலையைப் பின்பற்றும்படி பயாஸில் மாற்றிவிட வேண்டும்.

பயாஸில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஹெடர்களைத் ‘தானியங்கி’ நிலையில் விடாமல் பிடபிள்யூஎம் என்று தெளிவாகத் தேர்ந்தெடுங்கள். டிசி நிலையில் வேகத்தைக் குறைக்க மின்னழுத்தமே குறைக்கப்படும்; பம்புக்கு 12 வோல்ட் முழுமையாகக் கிடைக்காவிட்டால் அது ஒழுங்காகத் தொடங்காமல் போகலாம். இந்தப் பம்ப் நிமிடத்துக்கு 800 முதல் 2,800 சுற்றுகள் வரை ஓடும். உச்ச வேகத்தில் அதன் ரீங்காரம் காதில் விழுகிறது. 60 முதல் 70 விழுக்காட்டில் நிலையாக வைத்தபோது எனக்கு அந்தச் சத்தம் மறைந்தது, வெப்பநிலையில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் தெரியவில்லை. விசிறிகளின் விஷயம் வேறு. பிராசஸரின் வெப்பநிலை நொடிக்கு நொடி துள்ளும். ஆனால் குளிர்விப்பானுக்குள் இருக்கும் திரவம் சூடேறச் சில நிமிடங்கள் ஆகும். ஒவ்வொரு துள்ளலுக்கும் விசிறிகள் சீறி எழுவதால் பயன் ஏதுமில்லை. ஆகவே வேக மாற்றத்துக்கான தாமதத்தைப் பயாஸ் அனுமதிக்கும் அளவுக்கு நீட்டிவிட்டால், ஓர் உலாவிப் பக்கம் திறக்கும்போதெல்லாம் சத்தம் ஏறி இறங்கும் தொல்லை நீங்கும்.

விஆர்எம் விசிறியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கனமான உலோகத் தகடுகள் கொண்ட மதர்போர்டில் அதைக் குறைந்த வேகத்தில் விட்டால் போதும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ரேடியேட்டரின் தடிமன் 38 மி.மீ.; 25 மி.மீ. விசிறிகளோடு சேர்த்து 63 மி.மீ. இடம் வேண்டும். மேற்பக்கத்தில் அவ்வளவு இடைவெளி தராத கேபினட்டுகள் ஏராளம் என்பதால், வாங்குவதற்கு முன் அளந்து பார்ப்பது கட்டாயம். இன்டெல் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் பிராசஸரை அழுத்திப் பிடிக்கும் சட்டத்தையே கழற்றி, உடன் வரும் சட்டத்தை மாட்ட வேண்டும்; முதன்முறை கணினி சேர்ப்பவர்களுக்கு, சாக்கெட்டின் மெல்லிய பின்கள் வெளியே தெரியும் அந்தக் கட்டம் பதற்றம் தருவதாகவே இருக்கும். கையேடு அச்சில் இல்லை, கியூஆர் குறியீட்டின் வழியே இணையத்தில் படிக்க வேண்டும். இருக்கும் ஒரே கணினியைப் பிரித்துப் போட்டிருப்பவரின் நிலையை நிறுவனம் எண்ணிப் பார்த்திருக்கலாம். எனினும் 6 ஆண்டு உத்தரவாதமும், எம்எக்ஸ்-6 வெப்பப் பசை உடன் வருவதும் மனநிறைவு தருகின்றன.

இதனுடன் கேபினட் விசிறிகளைக் கூடுதலாக மாட்டுபவர்களுக்கு ஒரு கணக்கு. பெரும்பாலான விசிறி ஹெடர்களின் வரம்பு 1 ஆம்பியர், அதாவது 12 வாட். விசிறியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் ஆம்பியர் எண்களைக் கூட்டிப் பாருங்கள்; தொடங்கும் கணத்தில் மோட்டார்கள் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும் என்பதால் வரம்பைத் தொடும் வரை நிரப்பாமல் கொஞ்சம் மிச்சம் விடுங்கள். கூட்டுத்தொகை மிஞ்சினால், மின்சாரத்தைச் சாட்டா கேபிளிலிருந்தும் கட்டளையை மட்டும் மதர்போர்டிலிருந்தும் பெறும் ஹப் ஒன்றை வாங்குவது பாதுகாப்பானது. வண்ண விளக்குகள் கொண்ட மாதிரியை வாங்குபவர்கள், அதன் விளக்குக் கேபிள் 5 வோல்ட் மூன்று பின் ஹெடருக்கு உரியது என்பதை நினைவில் வைத்து, 12 வோல்ட் விளக்கு ஹெடரில் எக்காரணம் கொண்டும் அதைச் செருகக் கூடாது.