காபிக் கழிவுநீருக்கு எந்த வினையூக்கி?

தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் மைத்துனர், பழம் உரித்துக் கழுவிய தண்ணீரை ஒரு கேனில் பிடித்துக்கொண்டு காரைக்குடிக்கு வந்தார். "அயித்தான், இதைச் சுத்தம் பண்ண எந்தக் கேட்டலிஸ்ட், அதான் வினையூக்கி, வாங்கலாம்?"

சர்க்கரை, பெக்டின், டானின் எல்லாம் கலந்த நீர். லிட்டருக்கு 20,000 மில்லிகிராம் சி.ஓ.டி. (கழிவை வேதிமுறையில் எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) என்று வைத்துக்கொள்வோம். ஓடையில் விட 250தான் வரம்பு.

ஃபென்டன் முறையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கொஞ்சம், ஹைட்ரஜன் பெராக்சைடு நிறைய. வினையூக்கியான இரும்பு, பெராக்சைடை உடைக்க, அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் என்னும் வீரியத் துணுக்கு அகப்பட்டதையெல்லாம் எரிக்கும். பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; குறைந்தால் புளிப்பு அதிகம்) 3 வாக்கில் நன்றாக நடக்கும். புளித்த காபி நீர் ஏற்கெனவே 4-க்குப் பக்கம். அன்னபேதி போட்டதும் நீர் கறுத்தால் பயப்பட வேண்டாம். கடுக்காயோடு அன்னபேதி சேர்ந்தால் மையாகிறதே, அதே டானின் வேலைதான். இடிப்பது செலவு: 1 கிலோ சி.ஓ.டி.க்கு ஏட்டுக் கணக்கிலேயே 2.1 கிலோ பெராக்சைடு. 1,000 லிட்டர் கழிவுக்கு 50 சதவீதக் கரைசல் 85 கிலோ! கடைசியில் அள்ள இரும்புச் சேறு வேறு.

டைட்டானியம் டை ஆக்சைடு இன்னொரு வினையூக்கி. அதற்கு வெயில் போதும் என்பார்கள். அது பிடிப்பது புற ஊதாக் கதிரை. வெயிலில் அது நூற்றுக்கு நாலைந்து பங்குதான். கலங்கிய நீரில் அதுவும் மேலோடு நின்றுவிடும். பழம் பறிப்பதோ பனிக்காலத்தில். வெயில் நம் ஊரில், கழிவு மலையில்.

நீரில் மின்சாரம் பாய்ச்சிக் கழிவை எரிக்கும் மின்வேதி முறை மேல் எனக்குச் சொந்த ஊர்ப் பாசம் உண்டு. அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கேதானே இருக்கிறது. பூச்சுப் பூசிய டைட்டானியத் தகடே வினையூக்கி. பெராக்சைடு வாங்க வேண்டாம். ஆனால் 5 வோல்ட்டில், துளி மின்சாரம் வீணாகாவிட்டாலும், அதே 1,000 லிட்டருக்கு 330 யூனிட்டுக்கு மேல். உப்புப் போட்டு ஓட்டினால் குளோரின் சேர்ந்த நச்சுகளும் உண்டாகலாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கேன் உப்பியிருந்தது. உள்ளே நுண்ணுயிர்கள் யாரையும் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிட்டன. அவற்றுக்கே முதல் பந்தி என்றேன். சுண்ணாம்பால் புளிப்பை முறித்து, காற்றுப் புகாத தொட்டியில் விட்டால் 1 கிலோ சி.ஓ.டி. கரையும்போது 350 லிட்டர் வரை மீத்தேன் கிடைக்கும், அடுப்பெரிக்கலாம். மிஞ்சும் நிறத்துக்கு மட்டும் ஃபென்டன். சி.ஓ.டி. 2,000-க்கு இறங்கினால் அந்த 85 கிலோ எட்டரையாகிவிடும்.

ஒரு தொந்தரவு உண்டு. தொட்டியிலிருந்து வரும் நீரில் புளிப்பு இருக்காது. ஃபென்டனுக்காக மறுபடி அமிலம் ஊற்ற வேண்டும். அப்புறம் மறுபடி சுண்ணாம்பு. அந்தச் செலவையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். கேனைக் கையோடு எடுத்துப் போகச் சொன்னேன்.